சிங்கப்பூர் வீட்டில் முதல் பியர்: டின்னா, மால்ட் தூளா, தானியமா?

வீட்டிலேயே பியர் தயாரிக்க நினைப்பவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, டின்னில் அடைத்து வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகில் தொடங்குவதா, தானியத்திலிருந்தே தொடங்குவதா என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இங்கிலாந்தில் இருப்பவருக்கு அது நியாயமான முதற்கேள்வி. அங்கே வீட்டின் ஒரு மூலையில் வைத்த வாளி ஆண்டின் பெரும்பகுதி தானாகவே 20 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பகலில் 31 டிகிரியும் விடியற்காலையில் 25 டிகிரியுமாக இருக்கும்போது, அந்த வாளிக்குள் இருக்கும் ஈஸ்ட் என்ன பாடுபடும் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் டின்னையும் தானியத்தையும் பற்றிப் பேச வேண்டும். இந்த வரிசையை மாற்றியதால் வீணான 23 லிட்டரை நானே சமையலறைத் தொட்டியில் கொட்டியிருக்கிறேன் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்.

அதற்கும் முன்பாகச் சட்டம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பிய ஒருவர் தம் வீட்டில், தம் சொந்தப் பயன்பாட்டுக்காக, பியர், ஒயின் போன்ற நொதித்த பானங்களை உரிமம் இல்லாமல் தயாரிக்கலாம். ஒரு வீட்டில் ஒரு மாதத்துக்கு 30 லிட்டருக்கு மேல் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, எதையும் ஆவியாக்கிச் சாராயம்போல் வடித்தெடுக்கக் கூடாது. தமிழில் 'காய்ச்சுவது' என்ற சொல்லே சாராயத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் இந்தக் கடைசி விதியைத் தனியே விளக்க வேண்டியிருக்கிறது. பியரில் காய்ச்சப்படுவது மால்ட் சாறு மட்டுமே. அது ஆறிய பிறகுதான் ஈஸ்ட் சேர்கிறது, அதன்பின் அடுப்புக்கு வேலையில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் என்னும் நச்சு ஆல்கஹால். மால்ட் நொதிப்பதில் அஞ்சத்தக்க அளவில் அது உண்டாவதில்லை. ஆனால் இந்தக் கட்டுரையைத் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள், அங்கே 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றிப் பியர் தயாரிப்பதும் குற்றமே என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பணம் மிச்சமாகுமா என்பது அடுத்துக் கேட்கப்படும் கேள்வி. இங்கே பியருக்கான கலால் வரி அதிலுள்ள ஆல்கஹாலின் அளவைக் கொண்டு, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று கணக்கிடப்படுகிறது. ஐந்து விழுக்காடு ஆல்கஹால் உள்ள 330 மில்லி லிட்டர் டின் ஒன்றில் ஏறத்தாழ ஒரு வெள்ளி வரியாகவே போகிறது. வீட்டில் தயாரிக்கும் 10 லிட்டரில் அந்தக் கணக்கில் 30 வெள்ளி மிஞ்சும். எனினும் வாளி, பானை, வெப்பமானி, புட்டிகள் என்று வாங்கியதற்கான செலவு திரும்பிவரப் பல மாதங்கள் பிடிக்கும் என்பதால், சிக்கனத்துக்காக மட்டும் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெப்பம்: முதலில் எடுக்க வேண்டிய முடிவு

கடைகளில் எளிதாகக் கிடைக்கும் ஏல் (மிதமான சூட்டில் நொதிக்கும் பியர்) வகை ஈஸ்ட்டுகள் 18 முதல் 22 டிகிரிக்குள் நன்றாக வேலை செய்பவை. நொதிக்கும்போது ஈஸ்ட் தானும் வெப்பத்தை வெளியிடுவதால், அறை 30 டிகிரியில் இருந்தால் வாளியின் உள்ளே அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் சாகாது. சொல்லப்போனால் மிகச் சுறுசுறுப்பாகவே இருக்கும், அதுதான் சிக்கல். அவசரமாகப் பெருகும் ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களையும், பழவாசனை தரும் எஸ்டர் என்னும் சேர்மங்களையும் அளவுக்கு மீறி உண்டாக்கும். விளைவு, மிகக் கனிந்த வாழைப்பழமும் நகச்சாயம் அழிக்கும் திரவமும் கலந்தது போன்ற ஒரு வாசனை, மறுநாள் காலை தலைவலி. நான் கொட்டியது இந்த வகைப் பியரைத்தான். வாங்கிய டின்னில் ஒரு குறையும் இல்லை. ஏர்கான் இல்லாத அறையில் அதை வைத்த என் மேல்தான் குறை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றை வாங்கி, அதன் மின்இணைப்பை ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் வழியாகக் கொடுப்பது முதல் வழி. வாளியின் பக்கவாட்டில் ஒட்டிய உணரி 19 டிகிரிக்கு மேல் ஏறினால் பெட்டி ஓடும், இறங்கினால் நிற்கும். இது மிக நம்பகமானது, குளிரில் நொதிக்கும் லாகர் வகைகள் வரை எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிடுவது, ஆனால் மூவறை வீட்டில் இன்னொரு குளிர்பதனப் பெட்டிக்கு இடம் கேட்பது. இரண்டாவது, வாளியை ஐஸ் பெட்டியிலோ வெப்பம் புகாத பெரிய பையிலோ வைத்து, உறைய வைத்த ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளைக் காலையும் மாலையும் மாற்றி வைப்பது. செலவு மிகக் குறைவு என்றாலும், நொதித்தல் தீவிரமாக நடக்கும் முதல் நான்கைந்து நாள்கள் வீட்டை விட்டு நகர முடியாது. வெளிநாட்டு நூல்கள் சொல்லும் இன்னொரு மலிவான யோசனை, வாளிக்கு ஈரத்துணி சுற்றி மின்விசிறியைத் திருப்பிவிடுவது. காற்றில் ஈரப்பதம் எப்போதும் மிகுந்திருக்கும் இந்த ஊரில் துணியிலிருந்து தண்ணீர் ஆவியாவதே மெதுவாக நடப்பதால் அது அவ்வளவாக உதவாது. துவைத்த துணி உள்ளே காயாமல் கிடக்கும் வீட்டில் வாளி மட்டும் எப்படிக் குளிரும்?

மூன்றாவது வழி, வெப்பத்தோடு போராடாமல் வெப்பத்தை விரும்பும் ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பது. நார்வேயின் மேற்குப் பகுதிப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டு வந்த க்வைக் என்னும் ஈஸ்ட் வகைகள் 35 முதல் 40 டிகிரி வரையிலான சூட்டிலும் நாற்றமில்லாத பியரைத் தருபவை. குளிர்நாட்டில் பிறந்த ஈஸ்ட் வெப்பமண்டலத்துக்கு இவ்வளவு பொருந்துவது வியப்பாக இருந்தாலும் காரணம் எளிது: அந்த விவசாயிகள் மால்ட் சாறு முழுவதும் ஆறும் வரை காத்திராமல், இளஞ்சூட்டிலேயே ஈஸ்ட்டைச் சேர்த்து வந்தார்கள். வோஸ் என்ற ஊரின் பெயரால் அறியப்படும் வகை இப்போது 11 கிராம் உலர் பொட்டலமாகவே விற்பனைக்கு வருகிறது. ஆரஞ்சுத் தோலை நினைவூட்டும் மெல்லிய மணம் தருவது, மூன்று நான்கு நாள்களிலேயே பெரும்பகுதி வேலையை முடித்துவிடுவது. வெப்பம் தாங்கும், பெல்ஜியப் பண்ணைப் பியரான சைசோனுக்குரிய ஈஸ்ட்டுகளும் உண்டு. ஆனால் அவற்றில் சில, மற்ற ஈஸ்ட்டுகள் விட்டுவைக்கும் சர்க்கரையையும் மெல்ல மெல்லத் தின்றுகொண்டே இருப்பவை என்பதால், அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்தால் ஆபத்து. தொடக்கநிலையில் இருப்பவருக்கு வோஸ்தான் என் தேர்வு. டைகர் போன்ற தெளிந்த லாகர் மட்டுமே பியர் என்று கருதுபவர் முதலில் குளிர்பதனப் பெட்டிக்குத்தான் இடம் பார்க்க வேண்டும். வோஸ் அவரை நிறைவுசெய்யாது.

மூன்று தொடக்கங்கள்

பார்லியை ஊற வைத்து, முளைவிடச் செய்து, சரியான கட்டத்தில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். கைக்குழந்தைக்காகக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் கஞ்சி வைத்த வீடுகளுக்கு இது புதிதல்ல. முளைகட்டிய மாவில் வைத்த கஞ்சி கெட்டிப்படாமல் நீர்த்து, சற்று இனிப்பாகவும் இருப்பதற்குக் காரணமான அதே அமைலேஸ் நொதிகள்தான் பார்லியின் மாவுச்சத்தையும் சர்க்கரையாக்குகின்றன. இந்த மாற்றத்தை யார் செய்வது, கசப்புக்கும் மணத்துக்குமான ஹாப்ஸ் என்னும் கொடியின் பூக்களை யார் சேர்ப்பது என்பதில்தான் மூன்று தொடக்கங்களும் வேறுபடுகின்றன.

டின் முறையில் இரண்டையும் தொழிற்சாலையே செய்து முடித்துவிடுகிறது. ஹாப்ஸின் கசப்பு ஏற்கெனவே ஏறிய, தேன்போல் கெட்டியான 1.7 கிலோ பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, மூடிக்கு அடியில் இருக்கும் ஈஸ்ட்டைத் தூவினால் வேலை முடிந்தது. முக்கால் மணி நேரம் போதும், பெரிய பானையும் தேவையில்லை. இதன் குறைகளுள் முதலாவது, நொதிக்கும் பொருளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு வெறும் சர்க்கரை என்பதால் பியர் நீர்த்துப் போவது. சர்க்கரைக்குப் பதிலாக அதே அளவு மால்ட் தூளைச் சேர்த்தால் இதைப் பெருமளவு சரிசெய்யலாம். இரண்டாவது, பாகு சூட்டில் நாள்பட இருந்தால் நிறம் கறுத்துச் சுவையும் பழசாகும், மூடியின் அடியில் இருக்கும் ஈஸ்ட்டும் வலுவிழக்கும். ஆகவே டின்னின் அடியில் அச்சிட்ட தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது, ஈஸ்ட்டைத் தனியே வாங்கிக்கொள்வது நல்லது. மூன்றாவது குறை சிங்கப்பூருக்கே உரியது. ஒரே முறையில் 23 லிட்டர் தயாரித்துவிட்டால் அந்த மாதத்துக்குச் சட்டம் அனுமதிப்பதில் 7 லிட்டர்தான் மிஞ்சும். கற்றுக்கொள்பவருக்கு வேண்டியது நிறைய பியர் அன்று, நிறைய முயற்சிகள். 23 லிட்டர் வாளியைத் தூக்கி வைக்கவும் குளிர வைக்கவும் இடமும் ஆளும் வேண்டும் என்பதோடு, தவறு நேர்ந்தால் நாற்பதுக்கும் மேற்பட்ட புட்டிகளிலும் அந்த ஒரே தவறைக் குடிக்க வேண்டியிருக்கும்.

மால்ட் தூள் முறையில், சர்க்கரையாக்கும் வேலையைத் தொழிற்சாலை செய்துவிடுகிறது. ஹாப்ஸை நாம் சேர்க்கிறோம். பத்து லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ வெளிர் மால்ட் தூள் போதும். ஆறு லிட்டர் தண்ணீரை 65 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி, நிறமும் இனிப்பும் தரும் கிரிஸ்டல் என்ற வகை மால்ட்டை உடைத்து, அதில் 200 கிராமைத் துணிப்பையில் கட்டி அரை மணி நேரம் தேநீர்போல் ஊற வைத்து எடுத்துவிட்டு, தூளைக் கரைத்துக் கொதிக்கவிட வேண்டும். ஆவி வரும் பானைக்கு மேலே பொட்டலத்தைச் சாய்த்துத் தூவினால் தூள் ஈரத்தை இழுத்துக் கல்லாகக் கட்டிக்கொள்ளும். அடுப்பை அணைத்துவிட்டு ஒரே வீச்சில் கொட்டுவதே பாடம். கொதித்த தொடக்கத்தில் கேஸ்கேட் என்ற வகை ஹாப்ஸ் 15 கிராம் கசப்புக்காகவும், ஒரு மணி நேரக் கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் இன்னொரு 15 கிராம் மணத்துக்காகவும் சேர்க்கலாம். நீண்ட நேரம் கொதித்தால்தான் ஹாப்ஸிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பைத் தரும். மணமோ கொதிக்கக் கொதிக்கப் பறந்துவிடும் என்பதால்தான் இந்த இரு தவணை.

இந்த முறையின் பெரிய நன்மை கொதித்து முடிந்த பிறகுதான் தெரியும். மால்ட் சாற்றை விரைவாக ஆற்ற மற்ற நாடுகளில் செம்புக் குழாய்ச் சுருளைப் பானைக்குள் இறக்கிக் குழாய்த் தண்ணீரை ஓடவிடுவார்கள்; நம் குழாய்த் தண்ணீரே 28 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடைப்பட்டது, அதனால் எவ்வளவு ஓடவிட்டாலும் 20 டிகிரிக்குக் கொண்டுவர முடியாது. தூள் முறையில் கொதிக்க வைப்பது ஆறு லிட்டரைத்தான். அதில் ஒரு பகுதி ஆவியாகிவிடும் என்பதால், மேலும் தேவைப்படும் ஐந்து லிட்டரை முந்தைய நாளே கொதிக்க வைத்து ஆற்றி, மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்தால், தொட்டியில் ஐஸுக்கு நடுவே சிறிது நேரம் வைத்த சாறும் குளிர்ந்த நீரும் கலந்த மாத்திரத்தில் ஈஸ்ட் சேர்க்கும் சூடு வந்துவிடும். மூன்று மணி நேரத்தில் பாத்திரம் கழுவுவது உட்பட எல்லாம் முடியும்.

தானிய முறையில் எல்லாவற்றையும் நாமே செய்கிறோம். முன்பு இதற்கு மூன்று பாத்திரங்கள் வேண்டும் என்றிருந்ததை, ஒரே பானையும் ஒரு பெரிய வலைப்பையும் போதும் என்று எளிமையாக்கியவர்கள் ஆஸ்திரேலிய வீட்டுத் தயாரிப்பாளர்கள். பத்து லிட்டர் வெளிர் ஏலுக்கு 2.3 கிலோ உடைத்த மால்ட்டும் ஏறத்தாழ 15 லிட்டர் தண்ணீரும், 19 அல்லது 20 லிட்டர் கொள்ளும் பானையும் தேவை. தண்ணீர் 69 டிகிரிக்கு வந்ததும் பையோடு மால்ட்டை இறக்கிக் கிளறினால் சூடு 67 டிகிரிக்கு இறங்கி நிற்கும். குளிர்நாட்டு நூல்கள் இன்னும் அதிகச் சூட்டைச் சொல்வது அங்கே தானியமும் குளிர்ந்திருப்பதால்தான். பானையைக் கனமான துண்டால் போர்த்தி ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, பையைத் தூக்கித் தேங்காய்ப்பால் பிழிவதுபோல் பிழிந்தெடுத்து, பிறகு வழக்கம்போல் ஹாப்ஸோடு கொதிக்கவிட வேண்டும். பக்கத்து வீட்டார் இந்த வேளையில் ஹார்லிக்ஸ் தயாரிக்கிறீர்களா என்று கேட்கக்கூடும். ஹார்லிக்ஸிலும் மால்ட்டாகிய பார்லிதானே இருக்கிறது.

சுவையில் தானிய முறைக்கு நிகரில்லை என்பதை மறுக்க மாட்டேன். சூட்டை 65க்கு இறக்கினால் வறண்ட, மெல்லிய பியர். 68க்கு ஏற்றினால் வாயில் நிறையும் கனம். இப்படிப் பியரின் உடலையே நாம் தீர்மானிக்கும் உரிமை வேறு எந்த முறையிலும் கிடைக்காது. பொருட்செலவும் மூன்றிலும் இதற்கே குறைவு. ஆனால் முழு நாளில் ஐந்து மணி நேரம் போய்விடும். 12 லிட்டருக்கு மேல் கொதிக்கும் சாற்றைக் கையாள வேண்டும். வீட்டில் சிறுவர்கள் ஓடியாடினால் அது விளையாட்டல்ல. ஆற்றுவதற்கான குளிர்ந்த நீரைச் சேர்க்கும் வசதியும் இல்லை. இங்கேதான் வோஸ் ஈஸ்ட் மறுபடியும் கைகொடுக்கிறது: அதற்கு 35 டிகிரியே போதும் என்பதால், பானையைத் தொட்டித் தண்ணீரில் வைத்து இரண்டு முறை தண்ணீரை மாற்றினாலே வேலை முடிந்துவிடும். உடைத்த மால்ட்டை இந்த ஈரப்பதத்தில் நெடுநாள் வைத்திருக்க முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் வைத்துச் சில வாரங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும், ஹாப்ஸை உறைபெட்டியில் வைக்க வேண்டும். பயன்படுத்திய ஹாப்ஸைக் குப்பையில் போடும்போது நாய் வளர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும், அது நாய்களுக்கு நஞ்சு.

மின்சாரத்தில் இயங்கும், எல்லாம் ஒன்றிலடங்கிய இயந்திரங்களும் விற்பனைக்கு உள்ளன. மாதத்துக்கு 30 லிட்டர் என்ற வரம்புக்குள், ஒரே ஓட்டத்தில் 23 லிட்டர் தரும் இயந்திரத்துக்கு மாதத்தில் ஒருநாள்தான் வேலை. முதலாண்டில் அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

என் பரிந்துரை

ஒருவர் என்னிடம் கேட்டால், முதல் இரண்டு முயற்சிகளை மால்ட் தூளில், பத்து லிட்டர் அளவில், வோஸ் ஈஸ்ட்டோடு செய்யச் சொல்வேன். மூன்றாவதில் பைமுறைத் தானியத்துக்குப் போகலாம். வாளி, புட்டி, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் எல்லாம் அப்படியே பயன்படும். கூடுதலாக வாங்க வேண்டியது பெரிய பானையும் பையும்தான். சமையலறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க விருப்பமோ நேரமோ இல்லாதவருக்கு டின் முறை தாழ்ந்ததன்று. ஆனால் அவர் சர்க்கரையை விட்டு மால்ட் தூளுக்கும், டின் ஈஸ்ட்டை விட்டு வோஸுக்கும் மாறிக்கொள்ள வேண்டும். மாறாக, சமையலில் ஏற்கெனவே கைதேர்ந்து, வெப்பமானியைப் பார்த்துச் சர்க்கரைப் பாகு வைத்துப் பழகியவர் நேரே தானியத்தில் இறங்கினாலும் தவறில்லை.

எந்த முறையானாலும் விட்டுவிடக் கூடாதவை இரண்டு. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமிநீக்கத்துக்காகக் குளோரமின் சேர்க்கப்படுகிறது. குளோரினைப் போல அது கொதிக்க வைத்தால் எளிதில் போய்விடாது, மால்ட்டோடு சேர்ந்து மருத்துவமனை வாடையைத் தரும். கேம்டன் என்னும் சல்ஃபைட் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்து 15 லிட்டரில் கலந்தால் சில நிமிடங்களில் அது செயலிழந்துவிடும். மற்றது, கொதித்து முடிந்த பிறகு சாற்றைத் தொடும் ஒவ்வொரு பொருளையும், கரண்டி உட்பட, கழுவியபின் கிருமிநீக்கியில் நனைப்பது. இங்கே காய்ந்துபோகாத ஈரமும் சூடும் வேண்டாத நுண்ணுயிர்களுக்கும் மிகப் பிடித்தமானவை.

புட்டியில் அடைப்பதற்கு முன் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு எடுத்த அளவுகள் ஒன்றாகவே இருக்க வேண்டும், தொடக்கத்தில் 1.048 (தண்ணீர் 1.000) இருந்தது 1.011 போல ஓரிடத்தில் அசையாமல் நின்றால், ஏறத்தாழ 4.9 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பியர் தயார். குமிழிகள் நின்றுவிட்டன என்பதை வைத்து முடிவுசெய்யக் கூடாது. நுரைக்காக லிட்டருக்கு 6 முதல் 7 கிராம் சர்க்கரை கரைத்துச் சேர்க்கும்போது, நொதித்தல் முடியாமல் உள்ளே சர்க்கரை மிச்சம் இருந்தால் கண்ணாடிப் புட்டி வெடித்துவிடும். அதனால் முதல் சில முறைகளுக்குப் பழுப்பு நிற நெகிழிப் புட்டிகளே பாதுகாப்பு: கையால் அழுத்திப் பார்த்தால் கல்லாக இறுகியிருப்பது தெரியும், அப்போது குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிடலாம். பழுப்பு நிறம் எதற்கென்றால், வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் சேர்ந்த பியரில் நாற்றம் கிளம்பும். நம் அறைச் சூட்டில் ஒரு வாரத்தில் வாயு ஏறிவிடும்; அதன்பின் வெளியே வைத்திருக்காமல் எல்லாவற்றையும் குளிரில் வைப்பதே சுவையைக் காக்கும்.

வாளியின் அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் வண்டலைக் கொட்டிவிட வேண்டாம். நார்வேப் பண்ணைகளில் அதை உலர்த்தி அடுத்த முறைக்கு வைத்திருந்தார்கள். இங்கே உலர்த்துவது கடினம், ஆனால் கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடிக் குப்பியில் வழித்தெடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். தோசை மாவில் ஒரு கரண்டியை அடுத்த மாவுக்கு எடுத்து வைப்பதுபோல, அதிலிருந்து இரண்டு மூன்று மேசைக்கரண்டி எடுத்து அடுத்த பத்து லிட்டரில் சேர்க்கலாம். மாத வரம்பில் இன்னும் 20 லிட்டர் மீதமிருக்கிறது.